இருபது வருடம் கழித்தும் திறக்க வேண்டுமென்றால் எதில் எழுதி வைப்பது?

கேள்வி சுருக்கமாக இது: வீட்டில் ஏறக்குறைய ஒன்றரை டிபி அளவுக்குப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்திருக்கின்றன. 2006-இல் நடந்த கல்யாணத்தின் டிவிடிகள், குழந்தைகள் பிறந்ததிலிருந்து எடுத்தவை, அப்பா கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன். இருபது முப்பது வருடம் கழித்தும் இவை திறக்க வேண்டும். சிடி, ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், டேப், கிளவுட், இவற்றில் எதை நம்புவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு சாதாரண ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு வீட்டில். வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகிப் படித்துப் பாருங்கள். ஐந்தாறு வருடத்தில் புதிதாக மாற்றுங்கள். தொலைந்தால் திரும்பவே கிடைக்காத ஐம்பது அறுபது ஜிபியை மட்டும் மூன்றாவதாக வேறு ஒன்றிலும் வையுங்கள். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

1999-இல் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். அங்கே பேக்கப் என்றால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிடிஎஸ்-3 டேப். ஒன்றில் 12 ஜிபி பிடிக்கும். தினமும் ராத்திரி கணக்கு முழுவதும் டேப்பில் ஏறும். காலையில் வந்ததும் திரையில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்ற வரியைப் பார்த்துவிட்டு நோட்டில் டிக் போடுவேன். வெள்ளிக்கிழமை டேப்பைக் காசாளர் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார். அலுவலகமே எரிந்தாலும் கணக்கு பிழைத்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. ஐந்து வருடம் ஒரு நாள் தவறவில்லை. 2004-இல் டேப் டிரைவ் செத்துப்போனது. அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் பொருத்தினால், பழைய டேப் ஒன்றைக்கூட அது படிக்கவில்லை.

டேப்பில் எந்தக் கோளாறும் இல்லை. பழைய டிரைவில் டேப்பை எழுதிப் படிக்கும் முனையான ஹெட் வருடக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகக் கோணம் தப்பியிருக்கிறது. தான் கோணலாக எழுதியதைத் தானே கோணலாகப் படித்துச் ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு எந்த டிரைவுக்கும் அந்தக் கையெழுத்து புரியாது. கடைசியில் செத்த டிரைவையே பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அதிலேயே படித்து, ஒரு வாரத்தில் பெரும்பகுதியை மீட்டோம். அந்த ஒரு வாரத்தில் முதலாளி என்னிடம் பேசவே இல்லை. அதற்குப் பிறகு ‘இது எத்தனை வருடம் தாங்கும்’ என்று யாராவது கேட்டால், ‘கடைசியாக எப்போது வேறொரு மெஷினில் போட்டுப் படித்துப் பார்த்தீர்கள்’ என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

சரி, அட்டையில் போட்டிருக்கும் வருடக் கணக்குக்கு வருவோம். நூறு வருடம் தாங்கும் என்று எழுதிய சிடியை நூறு வருடம் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. டிஸ்க்குகளை 80 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்பதுபோல ஓர் அடுப்புக்குள் வாரக்கணக்கில் வைப்பார்கள். எவ்வளவு வேகத்தில் பிழைகள் கூடுகின்றன என்று அளந்து, அதிலிருந்து 25 டிகிரியில் எத்தனை வருடம் ஆகும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். அர்ரேனியஸ் சமன்பாடு என்று வேதியியலில் படித்திருப்பீர்களே, அதுதான். அடுப்பில் நடக்கும் அதே சிதைவுதான் அலமாரியிலும் மெதுவாக நடக்கும் என்ற அனுமானத்தின்மேல் இந்தக் கணக்கு நிற்கிறது. பூஞ்சை, கீறல், ஒட்டிய லேபிள், மோசமான சிடி ரைட்டர் எதுவும் அதில் வராது. அமெரிக்காவின் தர அளவீட்டு அமைப்பான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேடு, சிடி, டிவிடிகளை 4 முதல் 20 டிகிரி வரையான வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீதம் வரையான ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சென்னையில் வருடத்தில் எத்தனை நாள் நம் பீரோவுக்குள் அப்படி இருக்கும்? ஏசி அறையே 24 டிகிரி.

சிடியில் எழுதுவது எப்படி என்று தெரிந்தால் அது எப்படிச் சாகிறது என்பதும் புரியும். கடையில் பாட்டோடு விற்ற சிடி அச்சில் வார்த்தது. பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். நாம் வீட்டில் எழுதுவது அப்படியில்லை. அதில் ஒரு கரிமச் சாயம் பூசியிருப்பார்கள், லேசர் அந்தச் சாயத்தைப் பொசுக்கிப் புள்ளி வைக்கிறது. லேசரால் மாறும் சாயம் வெயிலாலும் மெதுவாக மாறும். துணி வெளுப்பது மாதிரிதான். சயனின் சாயம் சீக்கிரம் கெடும், தாலோசயனின் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பின்னால் இருக்கும் பிரதிபலிப்புப் பூச்சு தங்கமென்றால் துருப்பிடிக்காது. வெள்ளியென்றால் கந்தகம் பட்டுக் கறுக்கும். பல பேருக்குத் தெரியாத ஒன்று, சிடியில் தகவல் இருப்பது நாம் பத்திரமாகப் பிடிக்கும் பளபளப்பான பக்கத்தில் அல்ல, பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தகவல்மேலேயே கீறுகிறீர்கள். டிவிடியில் தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே தகவல் மாட்டியிருப்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஓரத்தில் பசை விட்டுக்கொடுத்தால் காற்று உள்ளே போகும்.

இன்னொரு சங்கதி, சிடியும் டிவிடியும் கெடுவது வெளியே தெரியாது. எழுதும்போதே பிழை திருத்துவதற்கென்று உபரித் தகவல் சேர்த்து எழுதப்படுகிறது. அதனால் ஆயிரம் இடத்தில் புள்ளி மங்கினாலும் டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்து, ஒன்றும் நடக்காததுபோல் படத்தைக் காட்டும். திருத்தும் சக்திக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டிய அன்றைக்கு மொத்தமாக விழும். போன தீபாவளிக்குத் திறந்த டிவிடி இந்தத் தீபாவளிக்குத் திறக்கவில்லை என்றால், போன வருடமே அது கடைசி மூச்சில் இருந்தது என்று அர்த்தம். நான் 2003-04-இல் எழுதிய நூற்றுச் சொச்சம் சிடிகளை 2019-இல் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஐந்தில் ஒன்று போல முழுதாகவோ பாதியாகவோ போயிருந்தது. போனவற்றில் பெரும்பாலானவை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சுருள் சுருளாக விற்ற பெயரில்லாச் சிடிகள். அழகாக இருக்கிறதே என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டியவையும் அதிகம் போயிருந்தன. ஒரே ஒரு வீட்டுக் கணக்கை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கல்யாண டிவிடிகளுக்கு இப்போது பத்தொன்பது இருபது வயது. வேறெதையும் செய்வதற்கு முன்னால், இந்த வாரமே ஒரு டிவிடி டிரைவ் இரவல் வாங்கி அவற்றைக் காப்பி எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். மூன்று டிரைவில் முயலாமல் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், பாச்சை உருண்டை போட்ட பீரோவில் டிஸ்க் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். சிடிப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

‘அப்படியானால் எம்-டிஸ்க்?’ என்று கேட்பீர்கள். சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் பொருளில் எழுதுவது, கல்வெட்டு மாதிரி, ஆயிரம் வருடம் என்று விளம்பரம் செய்தார்கள். யோசனை நல்லதுதான், வெளிச்சத்தில் வெளுக்காது. ஆனால் பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வகம் 90 டிகிரி, 85 சதவீத ஈரத்தில் வைத்துப் பார்த்தபோது, இந்த வகை டிவிடி சாதாரண டிவிடியைவிட அதிக நாள் நிற்கவில்லை. சாயம் இல்லாவிட்டாலும் மற்ற அடுக்குகளும் பிளாஸ்டிக்கும் அதே பழையவைதானே. ஆயிரம் வருடம் பேசிய மில்லெனியாட்டா நிறுவனம் 2016-இல் திவாலானது. டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரேயில் எச்டிஎல் வகை டிஸ்க் எல்லாமே கனிமப் பூச்சுதான். எல்டிஎச் என்று போட்டிருந்தால் சாயம், அதை வாங்கவேண்டாம். 25 ஜிபி டிஸ்க் ஒன்றில் மிக முக்கியமானதை எழுதி வைப்பது இன்றைக்கும் நல்ல வழி. ஒருமுறை எழுதியதை வைரஸால் அழிக்க முடியாது, தண்ணீரில் நனைந்தால் துடைத்துவிட்டுப் போடலாம். என் தயக்கம் வேறு. பானசோனிக் 2023-இலும் சோனி 2025-இலும் எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டன. மடிக்கணினியில் டிஸ்க் டிரைவ் காணாமல்போய்ப் பல வருடம் ஆகிறது. டிஸ்க் வாங்கினால் கூடவே இரண்டு டிரைவும் வாங்கி வைக்கவேண்டிய நிலை.

எஸ்எஸ்டியைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். அதில் தகவல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். பானையில் தண்ணீர் வைத்து, எந்த உயரம் வரை இருக்கிறது என்று பார்த்து எழுத்தைப் படிப்பதுபோல. பழைய வகையில் பானை நிறைந்திருக்கிறதா காலியா என்று பார்த்தால் போதும். இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் கியூஎல்சி வகையில் ஒரே பானையில் 16 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கசிந்தாலும் வேறு எழுத்தாகிவிடும். கசிவு வெப்பத்தில் வேகமாகும், தேய்ந்த பானையில் இன்னும் வேகமாகும். சில்லுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயப்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முழுதாகத் தீர்த்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காப்பாற்ற வேண்டும். சர்வர்களுக்கான வகை 40 டிகிரியில் மூன்று மாதம். 2015-இல் இந்த அட்டவணையை அரைகுறையாகப் படித்துவிட்டு, ‘எஸ்எஸ்டியை அணைத்து வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாம் அழிந்துவிடும்’ என்று செய்தி பரவியது. அது தேய்ந்துபோன டிஸ்க்கை அதிக வெப்பத்தில் வைத்தால் வரும் கணக்கு. ஒரே ஒருமுறை எழுதிய புது எஸ்எஸ்டி பல வருடம் தாங்கும். இருந்தும், அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோகிற பொருளாக நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அது தினமும் கரண்ட் பாய்கிற வேலைக்குச் செய்த பொருள். செத்தால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல், மொத்தமாகச் சாகும். ஹார்டு டிஸ்க்கில் மீட்பதுபோல மீட்பதும் கடினம்.

பென் டிரைவ், மெமரி கார்டு: எடுத்துப்போக, கொடுக்க. சேமிக்க அல்ல. அதே மின்னூட்ட நுட்பம்தான், ஆனால் தரத்தில் கழித்த சில்லுகள் அதிகம் போய்ச் சேரும் இடம் இது. இணையத்தில் 2 டிபி பென் டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது 2 டிபி இல்லை. உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோ இருக்கும், கொள்ளளவை மட்டும் பொய்யாகச் சொல்லும்படி செய்திருப்பார்கள். நீங்கள் காப்பி செய்வீர்கள், ஃபைல் பெயர்களும் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

இப்போது ஹார்டு டிஸ்க். இது நூறு வருடம் என்றெல்லாம் பேசாத பொருள், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். மோட்டார், தாங்கி, தட்டின்மேல் மயிரிழையைவிட மிக மெல்லிய இடைவெளியில் பறக்கும் ஹெட். ஒருநாள் போகத்தான் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டரில் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை செத்தன என்று 2013-இலிருந்து வெளிப்படையாகப் போட்டு வருகிறது. அண்மைய வருடங்களில் மொத்தச் சராசரி வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசமும் உண்டு. ஒன்றரை என்று வைத்துக்கொண்டால், பத்து வருடத்தில் நூறு டிஸ்க்கில் சுமார் பதினான்கு போகும். வயதானால் வேகம் கூடும் என்பதால் நடப்பில் இன்னும் அதிகம். அது குளிரூட்டிய அறை, ஆடாத ரேக். நம் வீட்டில் மேஜையிலிருந்து விழும், யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போகும். அப்படியும் இரண்டு டிஸ்க் ஒரே மாதத்தில் சாவது அரிது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் இரண்டையும் ஒரே பையில் வைத்தால் மட்டும் அந்தக் கணக்கு பலிக்காது. தயாரிப்புக் கோளாறு இருந்தால் இரண்டுக்கும் இருக்கும், பை விழுந்தால் இரண்டும் விழும். அதனால் இரண்டு வேறு கம்பெனி, ஆறு மாத இடைவெளி.

ஹார்டு டிஸ்க் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. உள்ளே இருக்கும் ஸ்மார்ட் என்ற கண்காணிப்பு எச்சரிக்கை கொடுத்தால் கட்டாயம் நம்புங்கள், அன்றைக்கே காப்பி எடுங்கள். எச்சரிக்கை வரவில்லை என்பதை நம்பாதீர்கள். கூகுள் 2007-இல் தன் டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டவில்லை.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். கையடக்க வெளி டிஸ்க் சிலவற்றில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் சர்க்யூட்டிலேயே பற்றவைத்திருக்கும். வேறு சிலவற்றில், நீங்கள் கடவுச்சொல் போடாவிட்டாலும் பெட்டியின் சில்லு எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே, அதாவது தன் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே எழுதும். பெட்டி செத்தால், உள்ளே நல்ல டிஸ்க் இருந்தும் வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் படிக்க முடியாது. நான் செய்வது, மேஜைக் கம்ப்யூட்டருக்குரிய மூன்றரை அங்குல டிஸ்க்கைத் தனியாக வாங்கி, செருகிக் கழற்றும் டாக் ஒன்றில் போடுவது. டாக் போனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இன்னொன்று.

டேப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். வங்கிகளும் ஆய்வுக்கூடங்களும் இன்றைக்கும் எல்டிஓ என்ற வகை டேப்பில்தான் பழையதைப் போட்டு வைக்கின்றன. 2000-இல் முதல் தலைமுறை 100 ஜிபி, 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டிபி. முப்பது வருடம் என்று சொல்வதை இந்த ஒரு பொருளுக்கு நான் ஏறக்குறைய நம்புகிறேன். காந்தத் துகள் நிலையானது, ஓடும் பாகங்கள் எல்லாம் டிரைவில் இருக்கின்றன, டேப் சும்மா கிடக்கிறது. அலமாரியில் கிடக்கும் டேப்பை எந்த மென்பொருள் பிழையும் தொடாது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் அப்டேட் ஜிமெயிலின் ஒரு சிறு பகுதிப் பயனர்களின் அஞ்சல்களைப் பல டேட்டா சென்டர்களிலும் சேர்த்தே அழித்தது. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். ஆனால் டிரைவ் விலை லட்சங்களில். எட்டாம் தலைமுறை டிரைவ் தன் தலைமுறை டேப்பையும் ஏழாம் தலைமுறை டேப்பையும் மட்டும் படிக்கும், ஆறாம் தலைமுறையைத் தொடாது. ஒன்றரை டிபிக்கு இது கல்யாண மண்டப அடுப்பில் காபி போடுகிற கதை.

மேலே என் அலுவலகக் கதையில் நடந்தது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. நாசா 1966-67-இல் அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலாவை எடுத்த படங்கள் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற மெஷினின் அகலமான டேப்பில் இருந்தன. டேப்கள் நன்றாகவே இருந்தன. அந்த மெஷின்தான் ஏறக்குறைய எங்குமே இல்லை. நான்சி எவன்ஸ் என்ற நாசா ஆவணக் காப்பாளர் சில மெஷின்களைத் தூக்கிப் போட விடாமல் வருடக்கணக்கில் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார். அவற்றைச் சரிசெய்து, நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் உட்கார்ந்து, 2008-இல் முதல் படத்தை மீட்டார்கள். பிரிட்டனில் பிபிசி 1986-இல், 900 வருடம் பழமையான டோம்ஸ்டே நிலக்கணக்கு நூலின் நினைவாக, நாட்டையே படம்பிடித்து லேசர் டிஸ்க்கில் போட்டது. பதினைந்து வருடத்தில் அந்த டிஸ்க்கைப் படிக்கும் பிளேயர் அருகிப்போய், ஆராய்ச்சியாளர்கள் பழைய கம்ப்யூட்டரை மென்பொருளால் போலிசெய்து மீட்க வேண்டியதாயிற்று. 1086-இல் தோலில் எழுதிய மூலத்தை அப்போதும் விரித்துப் படிக்க முடிந்தது. நம் வீடுகளில் இதற்குச் சமம் விஎச்எஸ் கேசட். கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட் இருந்தால் அதிலும் அவசரம்தான். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாமல் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் பிளேயரும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும்.

அப்பாவின் கட்டுரைகள் என்று சொன்னீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. 1990-களிலும் 2000-களின் முதல் பாதியிலும் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும், இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடில் செய்யவில்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் ஒரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல், இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி, இணையத்தில் டிஸ்கி, 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப். ஹார்டு டிஸ்க் பொன்போல இருக்கலாம், ஒரு பிட்கூட மாறாமல் இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அப்பாவின் கட்டுரை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். புத்தகப் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்திருந்தால் இன்னும் மோசம், அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பாளரிடம் இருபது வருடப் புத்தகங்கள் இப்படித்தான் இருந்தன. ஃபைல் எல்லாம் பத்திரம், படிக்கத்தான் ஆளில்லை. எழுத்துரு ஃபைலையும் சேர்த்து வைத்திருந்ததால் பிழைத்தார். இன்றைக்கு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்து, பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு அப்பா உட்கார்ந்து ஒருமுறை படிக்கட்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அவர் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

கிளவுட் ஒரு பொருளே அல்ல, இன்னொருவரின் ஹார்டு டிஸ்க்கும் அவருடைய விதிமுறைகளும். நல்ல நிறுவனத்தில் வன்பொருள் கெட்டுத் தகவல் போவது மிக அரிது. போவது வேறு வழிகளில். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டுகளைச் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. கூகுள் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் கணக்கை யார் தொடப்போகிறார்கள்? 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடமே எரிந்தது. தென்கொரியாவின் டேஜானில் 2025 செப்டம்பரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டிபி போயிற்று. அளவு பெரிது என்று வெளியே பிரதி எடுக்கவில்லையாம். தொழில்நுட்பத்தில் கொரியாவுக்கு யார் பாடம் சொல்வது! அப்புறம், செல்பேசியிலிருந்து தானாக மேலே ஏறுவதைப் பேக்கப் என்று நினைப்பவர்கள் அதிகம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், பிறகு போயே போய்விடும். அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. மூன்றாவது பிரதிக்குக் கிளவுட் நல்ல இடம், முதல் பிரதிக்கு அல்ல.

இனி உங்கள் ஒன்றரை டிபிக்கு. நான்கு டிபி டிஸ்க் இரண்டு. முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, வருடம் மாதம் என்று ஃபோல்டர் போடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள். இதற்கு இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. செக்சம் என்பது ஃபைலின் கைரேகை. ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிப்போன படத்தைப் பார்த்திருப்பீர்கள். பழுதான கேபிளோ மெமரியோ காப்பி செய்யும்போது கெடுத்தது, யாரும் கவனிக்காமல் அந்தக் கெட்ட பிரதியே அடுத்தடுத்த டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டு டிஸ்க்கையும் செருகிக் கைரேகை சரிபார்க்கவிட்டுத் தூங்கப் போகலாம். ஒன்றில் கெட்டிருந்தால் மற்றதிலிருந்து எடுத்துப் போடலாம். எல்லாத் தகவலையும் முழுதாகப் படிப்பதால் டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

இரண்டாவது டிஸ்க்கை வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டிலோ மாமனார் வீட்டிலோ வையுங்கள். பக்கத்துத் தெருவில் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் நண்பர் ஒருவர் மூலத்தையும் பேக்கப்பையும் ஒரே நாளில் இழந்தார். ஒன்று அவர் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்தது, மற்றது நான்கு வீடு தள்ளி அண்ணன் வீட்டுத் தரைத்தளத்தில். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மேல்தட்டில் வைத்தால் போதும். டிஸ்க் மேல் வாங்கிய தேதியை எழுதுங்கள். ஐந்து வருடம் ஆனதும் புதியது வாங்கிப் பழையதை மூன்றாவது பிரதியாகத் தள்ளிவிடுங்கள். அதற்குள் இன்றைய விலையில் இரண்டு மடங்கு கொள்ளளவு கிடைக்கும் என்று முன்பெல்லாம் துணிந்து சொல்வேன், இப்போது விலை போகிற போக்கில் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று. பத்திரங்களின் ஸ்கேன் இருப்பதால் டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டத் தோன்றும். போடுங்கள், ஆனால் முழு டிஸ்க்கையும் பூட்டாமல் பத்திரங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் பூட்டுங்கள். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். மிக ஒழுங்கானவர். இரண்டு டிஸ்க், இரண்டு வீடு, தேதி போட்ட லேபிள் எல்லாம் சரியாக வைத்திருந்தார். இரண்டும் இன்றைக்கும் நன்றாகச் சுழல்கின்றன. செருகியதும் திரையில் கடவுச்சொல் கேட்கிறது. அவர் மனைவியான அத்தைக்குத் தெரிந்த பிறந்தநாள், வண்டி எண் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. உங்கள் வீட்டில் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, டப்பாவுக்குள் அல்ல, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் உறையில் போட்டு, இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லி வையுங்கள்.